அத்தை பாட்டுக்கே அத்தைக்குத் தப்பு

மகளே, உனக்கு நான் அனுப்பிய குரல் செய்திகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒன்றைக்கூட நீ திறக்கவில்லை என்று போனே காட்டிக்கொடுக்கிறது. நேரில் பேசலாம் என்று வாயைத் திறந்தால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இது நம் கடையின் முகநூல் பக்கம். இன்வெர்ட்டர் பேட்டரியில் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், ஊற்றிவிட்டு என்னிடம் வந்து அழாதீர்கள் என்று நான் எழுதிப் போடுகிற இடம். இதில் எதைப் போட்டாலும் எழுத்துப் பிழை பார்க்கவாவது நீ வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். விருப்பமிருந்தால் படியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பதிவுக்கு நகருங்கள். இது என் மகளுக்கு.

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ சென்னைக்கு வண்டி ஏறுகிறாய். ஏதோ ஒரு கம்பெனியில், யாரோ எழுதிய பில் போடும் மென்பொருளில் பிழை தேடும் வேலை. போ. அதுவும் வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெங்களூரில் மூன்று பேர் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து விளையாட்டு செய்கிறார்கள். நீ போட்ட அரை நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு அவர்களாகவே எழுதிக் கேட்டார்கள். உன் விளையாட்டை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு, ஆடிப் பார்க்கிறோம், பிடித்தால் எங்களோடு வந்து வேலை செய் என்று. இன்று புதன்கிழமை. நீ இன்னும் ஒரு வரி பதில் போடவில்லை. கேட்டால் "ரெடியாகலப்பா" என்கிறாய். நேற்றும் ரெடியாகவில்லை, போன வாரமும் ரெடியாகவில்லை. எது ரெடியாகவில்லை? கடையில் ஒருவன் டிவியைக் கொண்டுவந்து வைத்து "ஓடலண்ணே" என்றால், எது ஓடவில்லை, படமா, சத்தமா, இல்லை கரண்டே ஏறவில்லையா என்று கேட்பேன். உன்னிடமும் அதைத்தான் கேட்கிறேன். நீ வாயைத் திறக்காததால், எது ஓடவில்லை என்று நானே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. அப்பா எழுதும் கடிதம் என்றதும் நரைத்த தலையையும் கனிந்த அறிவையும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு எனக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷமே நீ. எனக்கு இப்போதுதான் நாற்பது. உன்னைக் கல்லூரியில் சேர்க்க வந்த அன்று வாட்ச்மேன் என்னைக் கேட்டிலேயே மறித்து, "அண்ணன் தம்பியெல்லாம் உள்ள விட மாட்டோம், அப்பாவக் கூட்டிட்டு வாங்க" என்றான். நான் ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினேன், நீ தள்ளி நின்று சிரித்தாய். ஆகவே இது பெரியவர் சிறியவளுக்குச் சொல்லும் அறிவுரை அல்ல. ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கிடம் கத்துகிற கத்தல். அப்படியே எடுத்துக்கொள்.

படிக்கிற மற்றவர்களுக்காக அந்த விளையாட்டு என்னவென்று சொல்ல வேண்டும். பெயர் கும்மிக்கட்டம். போன் திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். மேலிருந்து தீப்பெட்டிப் படங்கள் விழும். சேவல், கத்தரிக்கோல், நிலக்கடலை, வெடித்த பருத்திக்காய், கொம்பு முறுக்கிய கிடா எல்லாம் இவள் கையால் வரைந்தவை. இந்த ஊரில் பிறந்த பிள்ளை, அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள், வேறு எதை வரைவாள்? விரலால் தள்ளித் தள்ளி ஒரே படம் மூன்றை வரிசையில் சேர்க்க வேண்டும். இந்த அளவுக்கு உலகத்தில் ஆயிரம் விளையாட்டு இருக்கிறது. இதில் சேர்ந்தால் மட்டும் போதாது. பின்னால் முளைப்பாரிக் கும்மிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கைதட்டு விழுகிற அந்த நொடியில் விரலைத் தட்டினால்தான் மூன்றும் வெடித்துக் காணாமல் போகும். முந்தினாலோ பிந்தினாலோ சிவப்பு எழுத்தில் "தப்பு" என்று வரும், படங்கள் அப்படியே நிற்கும். தப்பு சேரச் சேரக் கட்டம் நிரம்பும். உச்சி வரை நிரம்பினால் ஆட்டம் முடிந்தது. நிரம்பாமல் பாட்டை ஓட்டி முடித்தால் சேவல் கூவி அடுத்த கட்டத்துக்கு விடும். கண்ணுக்கு ஒரு வேலை, காதுக்கு ஒரு வேலை, இரண்டும் ஒரே விரலில் வந்து சேர வேண்டும். நான் யாரையும் லேசில் பாராட்டுகிறவன் இல்லை. முதன்முதலாக ஆடிப் பார்த்தபோது சோல்டரிங் அயர்னை ஆன் செய்து வைத்திருந்ததையே மறந்து, மேசை விரிப்பில் ஓட்டை விழுந்தது. அதுதான் என் பாராட்டு.

பாட்டு உன் அத்தையுடையது. என் அக்கா. ஓட்டப்பிடாரம் பக்கத்து ஊரில் வாக்கப்பட்டு, ஆடும் மாடுமாகவும் கொஞ்சம் மானாவாரிக் காடுமாகவும் குடித்தனம் பண்ணுகிறாள். ஊரில் முளைப்பாரி போட்டால் முதல் குரல் அவளுடையதுதான். மாசி மாதம் நீ மைக்கும் லேப்டாப்புமாக அங்கே போனாய். ஜன்னலைச் சாத்தினாய், ஃபேனை நிறுத்தினாய், சேவல் கத்துமென்று அதைக் கூடை போட்டுக் கவிழ்த்தாய், அத்தையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாய். நானும் கூட இருந்தேன். அவள் நெளிந்தாள்.

"ஏட்டி, உக்காந்துக்கிட்டு யாராவது கும்மி பாடுவாகளா? காலு சும்மா கெடந்தா வாயி வராதுட்டி."

"அசையாமப் பாடுங்கத்தை. நாற்காலி கிறீச்சுங்குது, மைக்குல விழுது."

"கையையாவது தட்டட்டுமா, அதுவும் கூடாதா?"

"பைய தட்டுங்க. ஒரே மாதிரி தட்டுங்க."

ஒரே மாதிரி தட்டினாள். அப்படியும் நடுவில் வேகம் கூடிக்கொண்டுதான் போனது. வீட்டுக்கு வந்து நீ லேப்டாப்பில் அந்தத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து, கோட்டுக்குக் கோடு சரியாக நிற்க வைத்தாய். நாற்று நட்ட மாதிரி இருந்தது. நான் எட்டிப் பார்த்துவிட்டு நல்ல சுத்தமாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். நேர்கோட்டைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

பிறகு, மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை. முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்க அத்தை இங்கே வந்திருந்தாள். வந்தவளை நீ சும்மா விடவில்லை. அவளையும், உன் அம்மாவையும், பக்கத்து வீட்டு மதினிமார் இரண்டு பேரையும் கூடத்தில் உட்கார வைத்து, ஆளுக்கொரு போனைக் கையில் கொடுத்தாய். நால்வரும் சேர்ந்து ஆடும் ஏற்பாடு. நான்கு போனிலும் ஆட்டம் ஒரே நேரத்தில் தொடங்கும், ஒன்றில் மட்டும் பாட்டு வரும். அந்தப் பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் கொடுக்கச் சொன்னாய். ப்ளூடூத்தில் கொடுத்தால் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், தாள விளையாட்டுக்கு அது ஆகாது என்று சொல்லி நானே வயர் போட்டுக் கொடுத்தேன். ஆகவே பின்னால் நடந்ததற்கு வயரைக் குறை சொல்ல முடியாது, ஸ்பீக்கரையும் சொல்ல முடியாது. இதை எழுத்திலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

பாட்டு தொடங்கியது. அத்தை தன் குரலைத் தானே கேட்டதும் வாயெல்லாம் பல். "எம்மாடி, நானா இது? வெங்கலச் சட்டியத் தட்டுன மாதிரில்லா இருக்கு!" முதல் கொஞ்ச நேரம் நன்றாகப் போனது. சேவல் மூன்று வெடித்தது, கடலை மூன்று வெடித்தது. பிறகுதான் அவள் கூடவே பாட ஆரம்பித்தாள். அவள் பாடினால் மற்ற மூன்று பேரும் சும்மா இருப்பார்களா? அவர்களும் பதில் பாட்டு எடுத்தார்கள். கூடம் முழுக்கச் சத்தம். ஸ்பீக்கரில் ஒரு அத்தை பாடுகிறாள், எதிரே ஒரு அத்தை பாடுகிறாள், எதிரே இருக்கிறவள் முந்திக்கொண்டு போகிறாள். நால்வர் விரலும் அவள் பின்னாலேயே போனது. சிவப்பு எழுத்து மளமளவென்று விழுந்தது. தப்பு, தப்பு, தப்பு.

"என்னட்டி இது, தப்புங்கு?" என்றாள் அத்தை.

"வெரசாத் தட்டுதீங்கத்தை. பாட்டக் கேட்டுத் தட்டுங்க."

"பாட்டே என் பாட்டுதானட்டி! என் பாட்டுக்கே எனக்குத் தப்பா?"

சின்ன மதினி, "அக்கா, எனக்கும் தப்புங்குது. ஒங்க கூடத்தான தட்டுனேன்" என்றாள். உன் அம்மா குனிந்த தலை நிமிரவில்லை, அவளுக்கும் தப்புதான். நீ எழுந்து போய், "பாடாதீங்க! பாடாம ஆடுங்க!" என்று கத்தினாய். கும்மிப் பாட்டை ஓட விட்டுவிட்டு நான்கு கரிசக்காட்டுப் பொம்பளைகளிடம் பாடாதே என்று சொன்னவள் இந்தத் தாலுகாவிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

நான் அப்போது மூலையில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் காதுக்கு வேறொன்று கேட்டது. நான்கு போன் கண்ணாடியிலும் விழுந்த நான்கு விரல் தட்டும் ஒரே சத்தமாகக் கேட்டது. டக், டக், டக் என்று ஒரே ஆள் தட்டுவது போல. நான்கு திரையிலும் தப்பு. நால்வருக்குள்ளும் மயிரிழை பிசகில்லை. இதை நான் அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருப்பேன். நீ கேட்கிற நிலையில் இல்லை. ஏனென்றால் அதற்குள் கட்டம் நிரம்பி ஆட்டம் முடிந்து, அத்தை போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். "வெளையாட்டுன்னா நாம வெளையாடணும். இது நம்மளப் போட்டு வெளையாடுது. எந்திரிங்கட்டி" என்றாள். முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்த பொம்பளை, கூடத்தின் நடுவில் சுற்றிக் குனிந்து நிமிர்ந்து கும்மியடிக்கிறாள். மதினிமார் பின்னால் சுற்றுகிறார்கள். நீ தரையில் கிடந்த போன்களைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஒருத்தி உன் கையைப் பிடித்து இழுத்தாள், நீ உதறினாய். "இவியளுக்கு ஒண்ணும் தெரியாது. இவியளுக்காவ நான் பண்ணல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய். சொன்னது யார் காதில் விழுந்ததோ இல்லையோ, அத்தை காதில் விழுந்தது. அவள் சும்மா சிரித்துக்கொண்டு, "பெரிய எஞ்சினியரு" என்றாள். அதற்கு அர்த்தம் என்னவென்று நமக்கெல்லாம் தெரியும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து நமக்குள் சண்டை. நான் சொன்னது எளிமையான விஷயம். ஆடுகிறவர் கடைசியாகத் தட்டிய நான்கு தட்டின் இடைவெளியை எடு, சராசரி போடு, பாட்டின் வேகத்தை அதற்கேற்ற மாதிரி கூட்டு, குறை. பாட்டு ஆளைப் பின்தொடரட்டும். இதில் என்ன கஷ்டம்? நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னை ஏதோ புழுவைப் பார்ப்பது போலப் பார்த்தாய்.

"அப்போ எப்படித் தட்டுனாலும் சரியாயிரும்லப்பா? தோக்கவே முடியாத கேமை எவன் ஆடுவான்?"

"கட்டம் நிரம்பினா தோக்குறாங்கல்ல?"

"கட்டம் நிரம்புறதே தாளம் தப்புறதாலதான். தாளத்த வளைச்சா கட்டமும் கூட வளைஞ்சிரும். ஒங்களுக்குப் புரியாது."

புரிந்தது. நீ சொன்னது சரி என்றும் புரிந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. மூன்றாம் நாள் வேறொன்று சொன்னேன். பாட்டோடு ஒத்துப்போகிறார்களா என்று பார்க்காதே, நாலு பேர் ஆடும்போது ஒருவருக்கொருவர் ஒத்துப்போகிறார்களா என்று மட்டும் பார். யார் வட்டத்தை விட்டு விலகுகிறாரோ அவருக்குத் தப்பு. அப்போது தோற்கவும் முடியும், பாடவும் முடியும். இதைச் சொன்னதும் நீ எழுந்துவிட்டாய். உன் முகத்தை எனக்குத் தெரியாதா? உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது. தட்டைக் கழுவாமலே போய் லேப்டாப்பைத் திறந்தாய். உன் அம்மா, "அப்பனும் மவளும் சோத்தத் தின்னு முடிச்சிட்டு ஒலகத்தத் திருத்துங்க, நான் பாத்திரம் வெளக்கணும்" என்று சத்தம் போட்டாள். எனக்குச் சந்தோஷம். பிள்ளை பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

பார்த்தால், அங்கேதான் நீ நின்றுபோனாய். அந்த யோசனைக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுத வேண்டுமாம். எழுத மாதக்கணக்காகுமாம். அதை எழுதாமல் பழையதை அனுப்பினால், அது தப்பான விளையாட்டாம், தப்பென்று தெரிந்தே அனுப்புவதாம். ஆகவே பெங்களூருக்குப் பதில் போடவில்லை, பழையதை அனுப்பவில்லை, புதியதை எழுதவுமில்லை. பில் மென்பொருளுக்குப் போகிறாய். அடேயப்பா! ஒரு யோசனை நல்ல யோசனையாக இருப்பதால் வேலை நின்றுபோவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

இது உனக்குப் புதிதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்கு, தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துத் தானாக ஓடும் கார் செய்தாய். நன்றாக ஓடியது. வளைவில் மட்டும் கொஞ்சம் தடுமாறி, ஒரு கணம் நின்று, யோசித்துவிட்டு மறுபடி ஓடும். எனக்கு அந்த யோசிப்புதான் அழகாக இருந்தது. நீ அதைக் கொண்டுபோகவே இல்லை. கண்காட்சிக்கு வெறுங்கையோடு போய், தெர்மாக்கோலில் எரிமலை செய்து சோடா உப்பு போட்டுப் பொங்க வைத்த பிள்ளைக்குக் கைதட்டிவிட்டு வந்தாய். கார் கட்டிலுக்கடியில் கிடந்தது. ஏன் என்று கேட்டதற்கு அன்றைக்கும் இதே சொல். ரெடியாகல. நான் தாம் தூம் என்று குதித்தேன். உன் அம்மா ஒரே வார்த்தையில் என்னை அடக்கினாள். "யாரு பிள்ள அது? கடைக்குள்ள போயி அலமாரியப் பாத்துட்டு வந்து பேசுங்க." அலமாரியில் என்ன இருக்கிறது என்பது இங்கே தேவையில்லை. வாடிக்கையாளர்கள் சிலர் இதைப் படிக்கிறார்கள், அவர்கள் பொருளும் அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவும் நான் ஏற்கெனவே குரல் செய்தியில் சொன்னதுதான். நீ கேட்காதது உன் பாடு. இனி சொல்லப் போவது உனக்குத் தெரியாதது. உன் அம்மா சொல்லக் கூடாது என்று சொன்னாள். வாயால் சொல்லக் கூடாது என்றுதான் சொன்னாள், எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

முந்தாநாள் திங்கட்கிழமை காலையில் அவள் டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். தீப்பெட்டி ஆபீஸ் வேன் இன்னும் தெரு முக்கில்தான் நிற்கும் என்று நான் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். வேன் நின்றுகொண்டிருந்தது. எப்போதும் தெரு முழுக்கக் கேட்கிற பேச்சுச் சத்தம் அன்றைக்கு இல்லை. என்னவோ ஏதோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே அத்தனை பெண்களும் தலையைக் குனிந்திருக்கிறார்கள். ஒரு ஹெட்போனை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, போனைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். உன் அம்மா நடு சீட்டில். அவள் திரையில் கிடாவும் பருத்தியும் வெடிக்கிற வேகத்தைப் பார்த்து நான் அசந்து நின்றுவிட்டேன். ஒரு சிவப்பு எழுத்து இல்லை. நான் நிற்பதையே அவள் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் நிமிர்ந்து, "அண்ணாச்சி, ஒங்க வீட்டுல எங்க எல்லாரையும் கெடுத்துட்டாவ. வீட்டுல போயி சோறு பொங்க மனசு வரல" என்றாள்.

"நீ எப்போதிலிருந்து ஆடுகிறாய்?" என்று உன் அம்மாவைக் கேட்டேன். கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி அவள் போனை மடியில் கவிழ்த்தாள்.

"அன்னைக்கே புடிச்சுப் போச்சு. ஒங்க அக்கா ஊருக்குப் போன பொறவு தனியா ஆடிப் பாத்தேன். பாட்டு மட்டும் காதுல கேட்டா நல்லாத்தான் வருது. வேன்ல கேட்டவளுகளுக்கும் போன்ல அனுப்பிக் குடுத்தேன். இதுல என்ன கஷ்டம்? ஆபீஸ்ல மெஷினு ஓடுதுல்ல, அது எனக்காவ நிக்குமா? அது போற போக்குலதான நான் கைய வைக்கேன். இதும் அதே மாதிரிதான். கைக்குப் பழக்கம்."

"பிள்ளையிடம் சொன்னாயா?"

"சொல்லாதீங்க. சொன்னா வந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ஏன் இப்படித் தட்டுத, ஏன் அப்படித் தட்டுதன்னு கேக்கும். எனக்குக் கை ஓடாது."

அதற்குள் பின் சீட்டிலிருந்து ஒருத்தி கழுத்தை நீட்டினாள். "அண்ணாச்சி, கடைசிக் கட்டம் முடிச்சாச்சி. சேவல் கூவிட்டு அப்பிடியே நின்னுருது. அடுத்தது எப்ப வரும்?" டிரைவர் ஹாரன் அடித்தான். வேன் போய்விட்டது. டிபன் பாக்ஸ் என் கையிலேயே இருந்தது.

மகளே, எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா? கூடத்தில் மூலையில் உட்கார்ந்து, நான்கு தட்டு ஒரே தட்டாகக் கேட்டதும், எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். ஆள் பின்னால் பாட்டு போக வேண்டும், அதுதான் சரி, மகள் செய்தது தவறு என்று நாள் தவறாமல் உன் உயிரை வாங்கினேன். பார்த்தால், நீ நேர்கோட்டில் இழுத்து வைத்த அந்தத் தட்டுதான் உன் அம்மாவின் கைக்குச் சரியாகப் பொருந்துகிறது. நாள் முழுக்க யாருக்காகவும் நிற்காத மெஷினோடு வேலை செய்கிறவர்கள், அதே ஓட்டத்தில் ஓடும் ஒன்றை, வேலைக்குப் போகும் வழியில் தாங்களாகவே கையில் எடுத்து ஆடுகிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கென்றால் மெஷினை விட்டு வந்ததும் மெஷினைப் பார்க்கவே பிடிக்காது. ஒருவேளை இதில் அவர்கள் ஜெயிக்கிறார்கள் என்பதாலோ என்னவோ. அத்தைக்கு அது ஆகாது, அவளுக்குக் கால் சுற்ற வேண்டும், கூட ஆள் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே விளையாட்டு செய்ய முடியுமா? தெரியாது. செய்ய முடிந்தால் செய். ஆனால் அது வேறு விளையாட்டு. இது இப்போது இருக்கிறது, வேனில் ஓடிக்கொண்டிருக்கிறது, சேவல் கூவி முடிந்து அடுத்தது என்ன என்று ஆள் காத்திருக்கிறது. இதைத்தான் நீ ரெடியாகல என்கிறாய்.

உன் லேப்டாப் கடையில்தான் இருக்கிறது. பாஸ்வேர்ட் என்ன என்று எனக்குத் தெரியும், இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான். நேற்று மதியம் அதைத் திறந்து பெங்களூர்க்காரர்களின் கடிதத்தைப் படித்தேன். அனுப்பு என்ற பொத்தான் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுத்தவில்லை. நல்ல மனசால் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் அனுப்பினால், அவர்கள் பிடிக்கவில்லை என்று சொன்னாலும் நீ தப்பித்துக்கொள்வாய், பிடித்திருக்கிறது என்று சொன்னாலும் தப்பித்துக்கொள்வாய். இரண்டும் என்னோடு போய்விடும். அது நடக்காது. வேண்டாம் என்றால் அவர்கள் உன்னிடம் வேண்டாம் என்று சொல்லட்டும். அவர்கள் சொல்ல வேண்டிய "வேண்டாம்" என்பதை அவர்களுக்கு முன்னால் நீயே சொல்லிக்கொண்டு பஸ் ஏறாதே.

என் யோசனையைத் தூக்கிப் போடு. வட்டம், ஒத்துப்போவது, சராசரி, எல்லாவற்றையும். நான் சொன்னது நல்ல யோசனைதான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன், ஆனால் அதைச் சேர்க்காதே. ஒரு வரி மாற்றாதே. சிவப்பு எழுத்தின் நிறத்தைக்கூட மாற்றாதே. அத்தைக்குத் தப்பு என்றே காட்டட்டும். அவள் தீபாவளிக்கு வந்து, பொங்கலுக்கு வந்து, உன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "என் பாட்டுக்கே எனக்குத் தப்பு போட்ட மவராசி" என்று எல்லார் முன்னாலும் சொல்லிக்காட்டுவாள். சொல்லட்டும். அந்தக் கூடத்தில் அன்றைக்கு நீ சொன்ன வார்த்தைக்கு அது குறைவுதான். அதை நீ போன் போட்டுச் சரி செய்துகொள், அதற்கு நான் வர மாட்டேன். பெங்களூர் எடுத்துக்கொண்டால் பெங்களூர் போ, இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சென்னை வண்டி எங்கேயும் ஓடிப்போகாது.

அனுப்பிவிட்டாயா என்று நான் கேட்க மாட்டேன், நீயும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து, உன் அம்மா டிபன் பாக்ஸை நீயே எடுத்துக்கொண்டு அவளோடு முக்கு வரைக்கும் நட. வேன் வரும். பின் சீட்டிலிருந்து அந்தப் பெண் கழுத்தை நீட்டி, அடுத்த கட்டம் எப்போது வரும் என்று கேட்பாள். நான் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். நீ சொல்.